ஒப்புக்கு வந்தவர்

"நீங்க மூணாவது ஆளா மேடம்?" என்று வரவேற்பு மேசைப் பெண் கேட்டது சாதாரணமாகத்தான். கேட்டுக்கொண்டே விசிட்டர் அட்டையை நீட்டினாள், கண்ணாடிச் சுவரோரம் கிடந்த சோபாவைக் காட்டினாள், கூப்பிடுவாங்க என்று சொல்லிவிட்டுத் தன் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டாள். உமையாள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை நீவிவிட்டு, கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்ட பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. மூணாவது ஆள். அப்படியென்றால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த இன்டர்வியூவுக்கு அனுப்பிவைத்த சதக் சொல்லவில்லையே. உங்க ஒருத்தர் பேரைத்தான் கொடுத்திருக்கேன்கா என்றானா, இல்லை, அப்படிச் சொன்னதாக இவளே நினைத்துக்கொண்டாளா? அவன் சொன்னது, உங்க பேரைக் கொடுத்திருக்கேன்கா, அவ்வளவுதான். ஒருத்தர் என்ற சொல் அதில் இருந்ததா? குரலை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். குரல் வந்தது, சொல் வரவில்லை. சொல்லாமல் விடுவது பொய்யாகாது, அதுதான் அதில் உள்ள வசதி. பதினெட்டு வருஷம் பர்சேஸில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா. ஒரு போல்ட் வாங்கினாலும் சரி, ஒரு லாரி இரும்பு வாங்கினாலும் சரி, மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ஆர்டர் யாருக்கு என்று அநேகமாக முன்னாலேயே முடிவாகியிருக்கும். மற்ற இரண்டும் ஒப்புக்கு. அந்த இரண்டு பேருக்கும் இவளேதான் போன் செய்வாள், குரலில் கொஞ்சம் கூடுதலாகவே சர்க்கரை போட்டு, சார் உங்க ரேட்டையும் அனுப்புங்க, நல்ல சான்ஸ் இருக்கு என்று. நல்ல சான்ஸ் இருக்கு என்பதும் பொய்யில்லை, எங்கேயோ யாருக்கோ இருக்கத்தானே செய்கிறது. அவர்கள் வருவார்கள். சாம்பிளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, கைக்குட்டையால் துடைத்து மேசைமேல் வைப்பார்கள். இதே மாதிரி ஒரு சோபாவில், இதே மாதிரி நுனியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உமையாள் சட்டென்று பின்னால் நகர்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். சோபா காற்றை விட்டு ஒரு சத்தம் போட்டது. மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பம்ப், பாதியாக அறுத்து, உள்ளே இருக்கும் சுற்றும் பாகத்துக்குச் சிவப்பும் தண்ணீர் வரும் வழிக்கு நீலமும் அடித்து வைத்திருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்படி ஒரு பம்ப் கம்பெனி இருப்பதே சதக் சொல்லித்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வாசல், உள்ளே வந்தால் நீளமாகப் போகிறது, எங்கேயோ பின்னால் ஒரு பிரஸ் மெஷின் விழுந்து விழுந்து எழுகிறது, ஒவ்வொரு தடவையும் பாதம் வழியாக அந்த அதிர்வு ஏறி வருகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல மாதமாயிற்று. பழைய கம்பெனி பர்சேஸை மொத்தமாகப் புனேவுக்குக் கொண்டுபோனபோது, வர முடிகிறவர்கள் வரலாம் என்றார்கள், வர முடியாது என்று தெரிந்தவர்களிடம். கணவர் மெய்யப்பனுக்குக் கூட்டுறவு வங்கி வேலை, மாமியாருக்கு டயாலிசிஸ், எங்கே போவது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். அடுத்த தீபாவளிக்கு வீட்டு வாசல் வெறிச்சென்று இருந்தது. ஒரு பெட்டி இனிப்பு இல்லை, ஒரு காலண்டர் இல்லை. வருஷா வருஷம் நான் ஒண்ணும் எதிர்பார்த்து வரலை மேடம், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் என்று வந்த சப்ளையர்களில் ஒருவராவது சும்மா பார்க்க வந்திருக்க வேண்டாமா. அவள் இனிப்புக்கு ஏங்கவில்லை, சர்க்கரையை விட்டே வருஷமாகிறது. ஆனால் அன்றைக்குத்தான் ஒரு விஷயம் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. இத்தனை வருஷமும் யாருமே அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்படியானால், நாற்காலி போன பிறகும் ஒருத்தன் சிரிக்கிறான் என்றால், அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான்?

சதக்கத்துல்லா முதன்முதலில் கூப்பிட்டதே விசித்திரமாகத்தான் இருந்தது. மேடம், நான் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற வேலை பாக்கறேன், உங்க பயோடேட்டா பார்த்தேன், இப்ப உங்களுக்கு ஏத்த இடம் எங்கிட்ட எதுவும் இல்லை, ஆனா கொஞ்சம் பேசலாமா? எந்த வியாபாரி கடையைத் திறக்கும்போதே சரக்கு இல்லை என்பான். அவளுக்கு அப்போதே உறுத்தியது. என்ன பேசணும் என்றாள், விலை கேட்கிற குரலில். அவன் கூச்சப்படாமல் சொன்னான், எனக்கு பர்சேஸ்னா என்னன்னே தெரியாது மேடம், நான் படிச்சது விலங்கியல், ஊரு கீழக்கரை, இரும்பு உருக்கி வார்க்கற பவுண்டரிக்கு ஆள் கேக்கறாங்க, யாரு உண்மையா வேலை தெரிஞ்சவங்க, யாரு வாயால வேலை பாக்கறவங்கன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலை. அன்றைக்கு மத்தியானம் அவளுக்கும் வேறு வேலை இல்லை. வேறு வேலை இல்லை என்பதே ஒரு நோய் மாதிரி இருந்த காலம், காலையில் குளித்து இஸ்திரிப் புடவை கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள், மெய்யப்பன் பார்த்தும் பார்க்காத மாதிரி டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். அதனால்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று பிற்பாடு தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். ஒண்ணு கேளுங்க, என்றாள் அவனிடம். சாமான் வந்து சேரலை, மெஷின் லைன் நிக்கப்போகுது, முதல்ல யாருக்குப் போன் போடுவீங்கன்னு கேளுங்க. சப்ளையர் கம்பெனி முதலாளிக்குன்னு சொன்னா அவர் ஏசி ரூமை விட்டு இறங்காதவர். லாரி டிரைவருக்குன்னு சொன்னா அவர் வேலை பார்த்தவர். முதலாளி வண்டி கிளம்பிடுச்சும்மாம்பார். டிரைவர்தான் நான் இன்னும் ஸ்ரீபெரும்புதூரே தாண்டலைன்னு உண்மையைச் சொல்வான். போனின் அந்தப் பக்கம் சதக் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் ஒரு பசி இருந்தது. ஆகா மேடம், இந்த ஒரு கேள்வி போதுமே. அந்த ஆகாதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பல மாதமாக யாரும் அவளிடம் ஆகா சொல்லவில்லை. அதையும் சந்தேகப்பட்டாள். ஆகா சொன்னால் இவள் கொட்டுவாள் என்று கண்டுபிடித்துவிட்டானோ?

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து கூப்பிடுவான். வேலை இருக்கிறதோ இல்லையோ கூப்பிடுவான். அவனும் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பயோடேட்டாவின் முதல் பத்தியை மாற்றி எழுதச் சொன்னான், நீங்க என்ன பொறுப்புல இருந்தீங்கன்னு எழுதியிருக்கீங்க, நீங்க இல்லைன்னா என்ன நின்னு போயிருக்கும்னு எழுதுங்க என்றான். எந்தக் கம்பெனியில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்ணைக் கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் கழற்றிவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, போக வேண்டாம் என்று தடுத்தான். அதற்குப் பதிலாக யாராவது பெரிய பேச்சுப் பேசுகிற ஆள் வந்தால் அவளிடம் கேட்பான், அவள் ஒரே நிமிஷத்தில் சொல்வாள், இவர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர், வாங்கினவர் இல்லை. எப்போது மேடம் அக்காவாயிற்று? ரமலானுக்கு முன்பா, பின்பா? சப்ளையர்களும் அப்படித்தான், மேடம் என்பார்கள், ஒரு பேமெண்ட் தாமதமானதும் தங்கச்சி என்பார்கள். இவன் அக்கா என்ற அன்றைக்கு, எதையோ கேட்கப் போகிறான் என்று மனசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் தன் வாயிலிருந்தே தம்பி என்று வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டாள். "ஒரு பையன் நல்லபடியா பேசுறான், அதுக்குப் போய் போலீஸ் மாதிரி விசாரிக்கிறியே உமையா" என்றார் மெய்யப்பன். "உங்களுக்குத் தெரியாது" என்றாள். "என்ன தெரியாது?" என்றார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. மூணாவது ஆள், அதுதான் பதில். அவன் இந்தக் கம்பெனிக்கு மூன்று பேரைக் காட்டியாக வேண்டும். முடிவான ஆள் ஒருத்தர் இருப்பார். ஒப்புக்கு இரண்டு பேர் வேண்டும். யார் கூப்பிட்டால் வருவார்கள்? அக்கா வருவாள்.

கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், வழுக்கையை மறைக்க ஒரு பக்கமாக வாரிய முடி, வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை, உள்ளே ஏசியில் இருந்து வந்தவருக்கு மேலுதட்டில் வேர்வை. "சார், கொஞ்சம் உக்காருங்க, எச்.ஆர். மேடம் ஒரு ஃபார்ம் தருவாங்க" என்றாள் மேசைப் பெண். அவர் தாராளமாகத் தலையாட்டிவிட்டு சோபாவின் மறு கோடியில் உட்கார்ந்து, உமையாளைப் பார்த்து, ரயிலில் எதிர் சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தார். அவள் பாதிச் சிரிப்பு சிரித்தாள். இவர்தான் முடிவான ஆளோ. முகத்தில் அந்த வெளிச்சம் இருக்கிறதே. அவர் போனை எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். பொத்தினாலும் அந்தக் குரல் பட்டறைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், கைக்கு அடங்கவில்லை. "சதக் தம்பி, ஆதிமூலம் பேசறேன். நல்லா போச்சு தம்பி! அந்த லாரி டிரைவர் கேள்வி, அதையே கேட்டாங்க, அப்படியே! நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன், முதலாளி வண்டி கிளம்பிடுச்சும்பாரு, டிரைவர்தான் உண்மையைச் சொல்வான்னு. எம்.டி.யே சிரிச்சுட்டாரு தம்பி!" உமையாளின் காதோரம் சூடாகி, உடனே சில்லிட்டது. அவளுடைய வார்த்தை. அவளுடைய டிரைவர், மூர்த்தி என்று பெயர், ஒரு மழைநாளில் ஸ்ரீபெரும்புதூர் டோலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மேடம் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் என்றவன். அந்த மழை, அந்த மூர்த்தி, லைன் நிற்காமல் இருக்க அவள் வேறு கம்பெனியில் கைமாற்றாக வாங்கிய சாமான், எல்லாம் இப்போது இந்த முன்பின் தெரியாதவர் வாயில் அரைபட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து கொட்டியது இதற்குத்தானா. எடுத்துக்கொண்டான், இன்னொருத்தருக்குக் கொடுத்தான், அவருக்கு இந்த இடத்தையும் கொடுத்தான், ஒப்புக்கு அவளையும் வரச்சொல்லிவிட்டான். எவ்வளவு சுத்தமான வேலை. தானே செய்திருந்தால் தன்னையே மெச்சியிருப்பாள்.

எழுந்து வெளியே வந்தாள். வாசலுக்கும் செக்யூரிட்டி கூண்டுக்கும் நடுவே பைக் நிறுத்துமிடத்தின் தகரக் கூரை நிழல். வெயில் அடித்த தகர வாசனை, எங்கேயோ கட்டிங் ஆயில் வாசனை. அப்படியே கேட்டைத் தாண்டிப் போய்விட்டால் என்ன? அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, மெய்யப்பன் ஒன்றும் கேட்க மாட்டார், கேட்காமல் காப்பி போட்டுக் கொடுப்பார், அந்தக் காப்பியைத்தான் தாங்க முடியாது. போனை எடுத்தாள். முதல் மணியிலேயே சதக் எடுத்தான்.

"அக்கா, இன்னும் உள்ள கூப்பிடலையா?"

"எத்தனை பேரை அனுப்பியிருக்க?"

"மூணு பேர், அக்கா."

"மூணும் உன் ஆளுங்கதானா?"

"ஆமாக்கா. மூணு பேரைக் காட்டணும்னு அவங்க ரூல். நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க கிளம்பியிருக்க மாட்டீங்க. உங்களைத் தெரியும்கா எனக்கு."

"நான் சொல்லிக்கொடுத்ததை அந்த ஆதிமூலத்துக்கு எதுக்குப்பா சொல்லிக்கொடுத்த?"

"பேசினாரா? அக்கா, கோபப்படாம கேளுங்க. அந்தக் கேள்வியைக் கம்பெனிக்குக் கொடுத்ததே நான்தான். போன மாசமே அந்த எம்.டி.கிட்ட சொன்னேன். இது யாருப்பா சொன்னதுன்னு கேட்டார். உங்க பேரைச் சொன்னேன். அந்தம்மாவையே கூட்டிட்டு வான்னுட்டார். அவங்க முடிவு பண்ணினது உங்களைத்தான்கா. மத்த ரெண்டு பேர்தான் ஒப்புக்கு."

வெயில் கொஞ்சம் நகர்ந்து அவள் கால்விரல்மேல் விழுந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. மத்த ரெண்டு பேர். ஒப்புக்கு என்ற சொல்லை அவனும் தெரிந்து வைத்திருக்கிறான், அவளிடம்தான் கற்றிருப்பான், எல்லாவற்றையும் போல. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் குழி இருந்தது. அதற்குள்ளிருந்து பழைய பர்சேஸ்காரிதான் முதலில் தலை நீட்டினாள். இதையேதான் நானும் மூன்று பேரிடமும் சொல்வேன். ஆர்டர் உங்களுக்குத்தான் சார், மத்தவங்களைச் சும்மா கூப்பிட்டிருக்கோம், நீங்க ரேட்டை மட்டும் கொஞ்சம் பாருங்க. மூன்று பேரிடமும் அதே வார்த்தை, அதே ரகசியக் குரல். "இதையே அவர்கிட்டயும் சொன்னியா?" என்று கேட்டாள். "இல்லக்கா." "அப்புறம் ஏன் அவருக்குப் பதில் சொல்லிக்கொடுத்த? ஒப்புக்கு வர்றவருக்கு எதுக்குப் பதில்?" சதக் மெதுவாகச் சொன்னான், "அவர் ரொம்ப நாளாப் போற இடத்துல எல்லாம் பதில் சொல்லத் தெரியாம திக்கித் திணறி வர்றார்கா. வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்ட முடியலை தம்பின்னு ஒருநாள் போன்ல அழுதுட்டார். ஒரு இடத்துலயாவது நல்லா பதில் சொன்னோம்னு தெம்பாப் போகட்டும்னு சொல்லிக்கொடுத்தேன்." இது கருணையா, கொடுமையா? ஒரே துணியின் இரண்டு பக்கம் மாதிரி இருந்தது, எது உள்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் எப்படிடா உன்னை நம்புறது என்று கேட்டாள். அவனை டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "நம்ப வேண்டாம்கா" என்றான் சதக், "உள்ள போயிட்டு வாங்க."

உள்ளே போனாள். பெரிய மேசைக்குப் பின்னால் எம்.டி., கதர்ச் சட்டை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார், பக்கத்தில் எச்.ஆர். பெண். "வாங்கம்மா, உங்களை மட்டும் அந்த டிரைவர் கேள்வியைக் கேக்க முடியாது" என்று சொல்லி அவரே சிரித்தார். அப்படியானால் சதக் சொன்னது அவ்வளவும் நிஜம். நிஜம் என்றதும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் கண் தானாக அறையைத் துழாவியது. இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிற நாற்காலியில் என்ன கோளாறு? "எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் ஏன் போனார் சார்?" என்று அவள்தான் முதல் கேள்வி கேட்டாள். எச்.ஆர். பெண் பேனாவை நிறுத்தினாள். எம்.டி. கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்துவிட்டு, "என் மச்சான்தான்மா. கமிஷன் அடிச்சான். அதான் சொந்தக்காரன் வேண்டாம், எதையும் சந்தேகப்படுற ஆளா ஒருத்தர் வேணும்னு சதக்கிட்ட சொன்னேன்" என்றார். உமையாளுக்குச் சிரிப்பதா, எழுந்து போவதா என்று தெரியவில்லை. அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறானா. எதையும் சந்தேகப்படுகிற ஆள், அதுதான் அவளுக்கு அவன் எழுதிய முதல் பத்தி. எரிச்சல் பொங்கி வந்தது, ஆனால் பொங்கின வேகத்தில் ஏனோ பால் மாதிரி அடங்கியும் போனது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வெறுத்துக்கொண்டிருந்த ஒன்றைத் துடைத்து, விலையுள்ள இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். சம்பளம், விடுப்பு, எப்போது சேர முடியும், எல்லாம் பேசினார்கள். "லெட்டரை சதக் மூலமா அனுப்பிடறோம்" என்றார் எம்.டி. இன்னும் வரவில்லை, வரும். வரும் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் நடுவில் எத்தனை ஆர்டர்கள் செத்துப்போயிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே ஆதிமூலம் இன்னும் அங்கேயே இருந்தார், முழங்காலில் எழுதுகிற பேடு வைத்து எதையோ நிரப்பிக்கொண்டு. அவளைக் கண்டதும் பேனாவை மூடினார். "முடிஞ்சுதுங்களா? லாரி கேள்வி கேட்டாங்களா உங்களை?" என்றார், பரீட்சை முடிந்து ஒரே பெஞ்சுக்காரர்கள் பேசிக்கொள்கிற மாதிரி. இல்லை என்றாள். "என்னைக் கேட்டாங்க" என்றார் அவர், கொஞ்சம் வருத்தப்பட்டு, அவளுக்காக. அந்த வருத்தம்தான் அவளை உட்கார வைத்தது. இதை எப்படிச் சொல்வது? துணிப்பையோடு வந்தவர்களிடம் பார்த்துச் சொல்றோம் சார் என்று எழுந்து நிற்பாள், எழுந்து நின்றால் அவர்களும் எழுந்துகொள்வார்கள், அவ்வளவுதான், சொல்ல வேண்டிய அவசியமே வராது. "சார்" என்றாள், மேசைப் பெண்ணுக்குக் கேட்காதபடி, "இந்த ஒரு இடத்தையே நம்பிக்கிட்டு இருக்காதீங்க. வேற இடமும் பாருங்க." அவர் முகம் முதலில் புரியாமல் திறந்திருந்தது. பிறகு புரிந்தது, ஆனால் அவள் சொன்னது புரியவில்லை, வேறு எதுவோ புரிந்தது. மெல்ல மெல்ல உள்ளே ஒவ்வொரு விளக்காக யாரோ அணைத்துக்கொண்டு போகிற மாதிரி அந்த முகம் மூடியது. சோபாவில் கிடந்த தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார், எழுதின பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தார். "சரிங்க மேடம்" என்றார். அவள் விடவில்லை, "உங்க நம்பர் கொடுங்க சார், எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். "என் நம்பர் சதக் தம்பிகிட்ட இருக்குங்க" என்றார் ஆதிமூலம், மரியாதையாக, மிக மரியாதையாக. "எதுன்னாலும் தம்பிகிட்டயே சொல்லிடுங்க. எனக்கு அவர் கூடப் பொறந்த தம்பி மாதிரி. அவர் பாத்துப்பார்." போட்டிக்கு வந்தவள் தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள். அதைத் தவிர அந்தக் கண்ணில் வேறு ஒன்றும் இல்லை. அவளாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பாள், இதைவிடக் கடுமையாக.

மறுபடி தகரக் கூரை நிழல். மேசைப் பெண் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்திருந்தாள், அது கழுத்தில் ஆடியது. அவளிடம் ஒன்று இருந்தது. மெய்யப்பனிடம்கூடச் சொல்லாதது, சதக்கிடம் சொல்லவே சொல்லாதது. காக்களூரில் ஒரு சின்ன பவுண்டரி, உரிமையாளர் தேவசகாயம், கொட்டேஷன் கொடுத்தும் ஆர்டர் கிடைக்காதவர்களில் ஒருவர், அவரே கூப்பிட்டிருந்தார். ஸ்டோர்ஸும் பர்சேஸும் சேர்த்துப் பார்க்க ஆள் வேணும்மா, உங்க அளவுக்கு இல்லை, ஆனா இடம் உங்களுக்காக வெச்சிருக்கேன் என்று. எல்லாக் கதவும் மூடினால் அது ஒன்று இருக்கிறது என்று மடித்து வைத்திருந்தாள். சதக்கிடம் சொன்னால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான் என்ற பயம். பட்டறைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய ஆதிமூலத்தின் குரலுக்கு அது பொருந்தும். கையெழுத்தான லெட்டர் ஒன்றும் அவள் கையில் இல்லை. எம்.டி.யின் மச்சானுக்கும் எம்.டி.க்கும் ராத்திரி சாப்பாட்டில் சமாதானமாகிவிடலாம். உலகத்தில் அது நடக்காததா. போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"ஆதிமூலம் நம்பரை அனுப்பு தம்பி."

"எதுக்குக்கா?" என்றான் சதக். அந்த எதுக்குவில் ஒரு சின்ன முள். அவனும்தான் பயப்படுகிறான், அவர்கிட்ட இவள் எதையாவது உளறிவிடுவாளோ என்று. அவள் தேவசகாயத்தைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு நாளாகத் தன்னிடம் இருக்கிறது என்பதையும் சொன்னாள். எவ்வளவு பெரிய பவுண்டரி, என்ன சம்பளம் என்று கேட்டான். ஆள் போட்டுக் கொடுத்தால் தனக்கு என்ன வரும் என்று கூட்டிப் பார்க்கிறானோ. பார்க்கட்டுமே, அது அவன் பிழைப்பு. "அக்கா" என்றான் கடைசியில், "உங்க லெட்டர் இன்னும் கைக்கு வரலை. அது வரட்டுமேக்கா. அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்." நிச்சயம் என்றால் ஏன் இப்படிச் சொல்கிறான், அவனுக்கே உறுதியில்லையா, ஏதாவது தெரிந்து மறைக்கிறானா. இல்லை, அக்கா கெட்டுப்போகக் கூடாது என்று தன் லாபத்தைத் தள்ளிப் போடுகிறானா. இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான், ஒரே குரல்தான், பதினெட்டு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு உற்றுக் கேட்டாலும் பிரித்தெடுக்க முடியவில்லை. முடியாது போலிருக்கிறது. "நீ நம்பரை அனுப்பு" என்றாள். "உண்மையையும் நீயே அவர்கிட்ட சொல்லணும். இன்னைக்கே. இனிமே என்கிட்டயும் முன்னாடியே சொல்லிடு, மூணு பேருன்னா மூணு பேருன்னு. நானும் எதையும் மடிச்சு வெக்க மாட்டேன்." "சரிக்கா" என்றான். சரியா, சரியில்லையா, போகப்போகத்தான் தெரியும். நம்பர் வந்து விழுந்தது.

தேவசகாயத்திடம் முதலில் பேசினாள். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் நீங்க சொன்னா சரிம்மா, அனுப்பி வைங்க என்றார். அவ்வளவுதான், கதவு ஒன்று அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது, சத்தமே இல்லாமல். பிறகு ஆதிமூலத்தின் நம்பரை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிச் சுவர் வழியாக சோபா நன்றாகத் தெரிந்தது. வெயிலுக்கு அப்பால் நிழலில் நிற்கிற அவளை அவரால் பார்க்க முடியாது, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி வெறும் வெளிச்சம். பெயரில்லாத நம்பர் ஒன்று தன் கைப்பேசியில் ஒளிர்வதை அவர் பார்த்தார். அடுத்த நொடி பேடு நழுவித் தரையில் விழ, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுந்து நின்றே விட்டார், யாரோ பெரிய மனிதர் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. "வணக்கம் சார், ஆதிமூலம் பேசறேன், சொல்லுங்க சார்!" என்ற குரல் போனிலும் கேட்டது, கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது. காக்களூர், தேவசகாயம், பவுண்டரி என்று வரிசையாக வைத்திருந்த எதுவும் வாய்க்கு வரவில்லை.

"உக்காருங்க சார்" என்றாள். "முதல்ல உக்காருங்க."